கோடியில் ஒன்று

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 41ஆம் அறையில் கூட்டமெல்லாம் சட்டன் ஹூ தலைக்கவசத்தின் முன்னால்தான். கப்பலோடு புதைக்கப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் தலைவன் ஒருவனின் இரும்பு முகம் அது. பள்ளிப் பிள்ளைகள் அதன் முன் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் தேடிவந்த கிண்ணத்தின் பக்கம் ஆளே இல்லை. உயரம் 16 சென்டிமீட்டர் சொச்சம். ரோமானியப் பேரரசின் பிற்காலத்தில், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் செய்தது. லைகர்கஸ் கிண்ணம் என்று பெயர்.

முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் அது பாசிப்பச்சை. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் மாணிக்கச் சிவப்பு. ஓரடி நகர்ந்தால் நிறம் மாறுகிறது; திரும்பி வந்தால் பழைய நிறம். கனத்த கண்ணாடியைக் குடைந்து குடைந்து, உருவங்கள் சுவரை விட்டு விலகி நிற்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். டயோனைசஸ் தெய்வத்தைப் பகைத்துக்கொண்ட லைகர்கஸ் மன்னனைத் திராட்சைக் கொடி சுற்றி இறுக்குகிறது. அவனுடைய மார்புப் பகுதி மட்டும் மற்ற இடங்களைப் போலச் சிவக்காமல் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்திருந்தது. ஒரே வார்ப்பில் வந்த கண்ணாடியில் இந்தச் சின்ன வேறுபாடு எப்படி வந்தது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கிண்ணத்தை மியூசியம் 1958இல் வாங்கியது. அதிலிருந்து பெயர்ந்த துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடிக்குள் வெள்ளியும் தங்கமும் கலந்த துகள்கள் விரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 50 முதல் 100 நானோமீட்டர் வரை. தலைமுடி ஒன்றின் குறுக்களவில் ஏறக்குறைய ஆயிரம் துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். தங்கத்தின் அளவு பத்து லட்சத்தில் சுமார் 40 பங்குதான். வெள்ளி அதைப்போலப் பல மடங்கு.

இவ்வளவு சொற்பமான உலோகம் இப்படி நிறம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. ஒளி என்பது ஆடிக்கொண்டே வரும் மின்புலம். அது வந்து பட்டதும் துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான் கூட்டம் முழுவதும் ஒருசேர இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சின்னக் கையாலும் உயர ஆட்டிவிடலாம் அல்லவா? அதுபோலத் துகளின் அளவுக்கும் வடிவத்துக்கும் பொருந்திய நிறத்தில் ஒளி வந்தால் ஆட்டம் பல மடங்கு ஏறுகிறது. கிண்ணத்தில் இருக்கும் துகள்களுக்குப் பொருந்துவது பச்சை. அவை பச்சையைப் பிடித்துச் சிதறடித்துவிட, ஊடுருவி வருவதற்குச் சிவப்பே மிஞ்சுகிறது. இதில் இன்னொன்றும் நடக்கிறது. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது துகளின் மேற்பரப்பை ஒட்டி, சில நானோமீட்டர் தூரத்துக்குள், மின்புலம் வெகுவாகப் பெருகி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பெருக்கத்தைத்தான், வெடிமருந்தின் சுவட்டைத் தேடுகிற விஞ்ஞானிகள் கையில் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கதை நடந்த இடங்களைப் பார்ப்பதுதான் என் பயணத்தின் நோக்கம்.

மியூசியத்திலிருந்து ரஸ்ஸல் சதுக்கம் வழியாக வடக்கே நடந்தால் டேவிஸ்டாக் சதுக்கம். மரங்கள் சூழ்ந்த சின்னப் பூங்கா. நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் காந்தி சிலை. 1968இல் வைத்தது. சிலையின் காலடியில் யாரோ வைத்த பூக்கள் வாடிக் கிடந்தன. பூங்காவை ஒட்டிய தெருவில்தான் 2005 ஜூலை 7 அன்று 30ஆம் எண் பேருந்தின் மேல்தளம் வெடித்துச் சிதறி 13 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து ரஸ்ஸல் சதுக்கத்துக்கு வந்துகொண்டிருந்த பாதாள ரயிலில் வெடித்த குண்டு 26 உயிர்களைக் கொன்றிருந்தது. அன்று நகரத்தில் இறந்தவர்கள் மொத்தம் 52 பேர். அவர்களைக் கொன்றவை ஹைட்ரஜன் பெராக்சைடை அடிப்படையாகக் கொண்டு வீட்டில் கலந்த குண்டுகள். தாக்கியவர்கள் அவற்றை முதுகுப்பையில் வைத்துச் சுமந்து வந்தார்கள்.

பையைப் பார்த்தால் பையாகத்தான் தெரியும். ஆனால் வெடிமருந்தைக் கையாண்டவரின் விரல்களில் அது ஒட்டிக்கொள்கிறது. விரலிலிருந்து பையின் ஜிப்புக்கும் கைப்பிடிக்கும் கதவுக் குமிழுக்கும் போகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூசியில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் சில பங்கு மருந்து இருக்கலாம். ஆவியாக வந்து மாட்டிக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. டிஎன்டி அறை வெப்பநிலையில் காற்றில் கலப்பது நூறு கோடி மூலக்கூறுகளுக்குப் பத்துக்கும் குறைவு. ஆர்டிஎக்ஸ் அதைவிடப் பெரிய அழுத்தக்காரன்; லட்சம் கோடியில் ஐந்தாறு இருந்தால் அதிகம். ஆகவே, தேடுகிறவருக்கு இரண்டு தேவை. மிகச் சொற்பமான பொருளைக் கவனிக்கவும் வேண்டும். அது இன்ன பொருள்தான் என்று அடித்துச் சொல்லவும் வேண்டும்.

இரண்டாவதற்கு விடை நம்மவர் தந்தது. அதைத் தேடிப் போனபோது முதலில் நின்ற இடம் ஆல்பமார்ல் தெரு. கிரீன் பார்க் நிலையத்தில் இறங்கி, விலை கேட்கவே தயங்க வைக்கும் கடைகளைத் தாண்டித் திரும்பினால், வரிசையாகப் பிரம்மாண்டத் தூண்கள் முட்டுக்கொடுத்த கட்டடம் தெரியும். அதுதான் ராயல் இன்ஸ்டிடியூஷன். அதன் அடித்தளத்தில் மைக்கேல் ஃபாரடேயின் ஆய்வுக்கூடமும் ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. மின்மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிகோலிய கம்பிச் சுருள்களுக்கு நடுவே, சாயம்போன ரோஜா நிறத்தில் திரவம் நிறைந்த கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அது தண்ணீரில் மிதக்கும் தங்கம். ஃபாரடே 1850களில் தயாரித்தது. இன்றும் அடியில் படியாமல் மிதந்துகொண்டிருக்கிறது.

தங்கக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து அதை அவர் பெற்றார். திரவத்தின் வழியே ஒளிக்கற்றையைப் பாய்ச்சியபோது கற்றையின் பாதை பளிச்சென்று தெரிந்தது. இது கரைந்துபோன தங்கமில்லை, கண்ணுக்கு எட்டாத துகள்களாகப் பிரிந்து நிற்கும் தங்கம் என்றும், நிறத்துக்கு அந்தச் சிறுமையே காரணம் என்றும் 1857இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் சொன்னார். துகளின் அளவை அளக்க அவரிடம் எந்தக் கருவியும் இருக்கவில்லை. ரோமானியக் கண்ணாடிக் கைவினைஞன் செய்துவிட்டு அறியாமல் போனதற்கு இங்கேதான் முதன்முதலாக விளக்கம் பிறந்தது.

இந்தக் கட்டடத்துக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. ஃபாரடேக்குப் பிறகு இங்கே வந்த ஜான் டிண்டல், வானத்தின் நீலம் ஒளி சிதறுவதால் வருவது என்று பரிசோதித்துக் காட்டினார். பின்னாளில் இங்கே பேராசிரியராக இருந்த ரேலி பிரபு அதற்குக் கணக்கு எழுதியவர். வானம் நீலம், சரி. கடல் ஏன் நீலம்? வானத்தின் நிழல் அதில் விழுகிறது என்று சொல்லிவிட்டார் ரேலி. திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த சி.வி. ராமன் 1921இல் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக இங்கிலாந்து வந்தார். அவருக்கு அதுதான் முதல் ஐரோப்பியப் பயணம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தில் ஒலி எப்படி ஓடுகிறது என்று சோதனை செய்தார். ஊர் திரும்புகையில் நர்குண்டா என்ற கப்பலின் தளத்தில் நின்று மத்தியதரைக் கடலை நிக்கோல் பட்டகம் வழியாகப் பார்த்தார். நீரின் மேல் பிரதிபலிக்கும் வானத்தை அந்தப் பட்டகம் அடைத்துவிடும். அடைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நிறம் தண்ணீரின் மூலக்கூறுகளிலிருந்தே வருகிறது என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்து நேச்சர் இதழுக்கு எழுதினார்.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனதன் முடிவு 1928 பிப்ரவரி 28. கல்கத்தா பௌபஜார் தெருவில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு ராமன் கண்டது இது: ஒரு மூலக்கூறின் மேல் ஒரே நிறத்து ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் திரும்பும். மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பதை மூலக்கூறின் உள்ளதிர்வுகள் தீர்மானிக்கின்றன. ஆகவே மாறிய நிறங்களின் வரிசையைப் படித்தால், இது பென்சீன், இது சர்க்கரை, இது டிஎன்டி என்று சொல்லிவிடலாம். வெடிமருந்துகள் பலவற்றில் இருக்கும் நைட்ரோ தொகுதி இந்த வரிசையில் 1350 என்ற எண்ணை ஒட்டி உரத்த ஒரு கோட்டைக் காட்டும்.

ஆனால் ஒரு குறை. நிறம் மாறி வருவது ஏறத்தாழக் கோடி ஒளித்துகளில் ஒன்றுதான். பாட்டில் நிறையத் திரவம் இருந்தால் பரவாயில்லை. விரல் நுனியில் ஒட்டிய தூசிக்கு அந்தக் கோடியில் ஒன்று எந்த மூலைக்கு?

கதை அடுத்துப் போகும் ஊர் சவுத்தாம்ப்டன். வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்துப் பயணம். பேசிங்ஸ்டோக்கைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து, உழுத நிலத்தில் சுண்ணாம்பு வெளுப்பு தெரியத் தொடங்குகிறது. துறைமுக நகரம் என்பதால் ஊருக்குள் எங்கே திரும்பினாலும் டைட்டானிக்கின் நினைவுதான். 1912 ஏப்ரல் 10இல் அது புறப்பட்டது இங்கிருந்துதான். இறங்கியவர்கள் துறைமுகத்தின் பக்கம் போக, நான் ஹைஃபீல்டுக்குப் பேருந்து பிடித்தேன். பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துக்கொண்டு ஒரு சாலை போகிறது. இரு பக்கமும் செங்கல் கட்டடங்கள். காதில் இயர்ஃபோனும் கையில் காபியுமாக மாணவர்கள். வரலாறு நடந்த இடம் என்பதற்கான கம்பீரம் எதுவும் இல்லை. ஆராய்ச்சி நடக்கும் இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

1974இல் இங்கே மார்ட்டின் ஃப்ளைஷ்மன், பேட்ரிக் ஹெண்ட்ரா, ஜிம் மக்வில்லன் மூவரும் ஒரு வெள்ளி மின்முனையின் மேல் பிரிடின் என்ற சேர்மம் ஒட்டுவதைப் பார்க்க விரும்பினார்கள். ராமன் ஒளி மங்கலானது என்பதால், ஒட்டுகிற மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது அவர்கள் யோசனை. மின்சாரத்தை முன்னும் பின்னும் பலமுறை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, வெள்ளியின் பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் இடம் கூடும், இடம் கூடினால் மூலக்கூறு கூடும் என்ற நேரடிக் கணக்கு. எதிர்பார்த்தபடி ராமன் கோடுகள் பிரகாசமாக வந்தன. கட்டுரையும் வெளியானது. ஃப்ளைஷ்மனை உலகம் அதற்காக நினைவு வைத்துக்கொள்ளவில்லை. 1989இல் அமெரிக்காவில் அவர் அறிவித்து, பிறரால் உறுதிசெய்ய முடியாமல் போன ‘குளிர் அணுக்கரு இணைவு’க்காகத்தான் அவரைத் தெரியும்.

மூன்று வருடம் கழித்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் டைனும் அவருடைய மாணவரும் அதே சோதனையைத் திரும்பச் செய்து கணக்குப் பார்த்தார்கள். இங்கிலாந்திலேயே கென்ட் பல்கலைக்கழகத்தில் இருவர் தனியாகப் பார்த்தார்கள். கூடிய பரப்பு சில மடங்குதான். ஒளியோ லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு கூடியிருந்தது. மூலக்கூறுகள் கூடியதால் வந்த வெளிச்சமில்லை இது; வெள்ளியின் சொரசொரப்பே ஒவ்வொரு மூலக்கூறின் ஒளியையும் உயர்த்தியிருக்கிறது. கிண்ணத்தில் சிவப்பு தந்த அதே எலெக்ட்ரான் ஆட்டம். மேற்பரப்பில் மின்புலம் 10 மடங்கு ஏறினால் ராமன் ஒளி சுமார் 10,000 மடங்கு ஏறும் என்பது கணக்கு. இரண்டு துகள்கள் ஓரிரு நானோமீட்டர் இடைவெளியில் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கும் இடுக்குகளில் புலம் எல்லை மீறிப் பெருகுகிறது. 1997இல் இரண்டு குழுக்கள், சாயங்களின் தனியொரு மூலக்கூறை இந்த வழியில் பார்த்துவிட்டதாக அறிவித்தன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘செர்ஸ்’ என்று இத்துறையினர் இதைக் கூப்பிடுகிறார்கள்.

வெடிமருந்து தேடுகிறவர்கள் இதை விடுவார்களா? 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சொரசொரப்பாக்கிய தங்கத்தை வைத்து, கண்ணிவெடியிலிருந்து கசியும் டிஎன்டி என்ற ஆவியை நூறு கோடியில் ஐந்து பங்கு அளவில் பிடித்தார்கள். இங்கே ஒரு விளக்கம்: டிஎன்டி என்று தமிழில் எழுதினால் இரண்டு மருந்துகள் ஒன்றாகிவிடும். கண்ணிவெடியில் திணித்திருப்பது டிரைநைட்ரோடொலுவீன். கசிவது அதோடு கலப்படமாக வரும் டைநைட்ரோடொலுவீன். பின்னது எளிதில் ஆவியாகும் என்பதால் அதைப் பிடித்தால் முன்னது சிக்கும். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், கண்ணிமைப்பதைவிடக் கோடானுகோடி மடங்கு குறுகிய லேசர் துடிப்புகளைத் திரவத்துக்குள் மூழ்கிய உலோகத்தின் மேல் பாய்ச்சி, அதில் நுண்ணிய மேடு பள்ளங்களை உண்டாக்குகிறார்கள். அப்படிச் செய்த தகடுகளில் பிக்ரிக் அமிலம், ஆர்டிஎக்ஸ் போன்றவற்றின் சுவட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

தகட்டின் மேல் மருந்து வந்து உட்கார்ந்தால்தான் இந்த வித்தையெல்லாம். சில நானோமீட்டர் தள்ளி நின்றாலே பெருக்கம் கிடைக்காது. டிரைநைட்ரோடொலுவீனுக்குத் தங்கத்தின் மேல் பெரிய ஒட்டுதல் கிடையாது. அதனால் தங்கத் துகளுக்குச் சிஸ்டீன் போன்ற அமினோ தொகுதி கொண்ட மூலக்கூறுகளைப் பூசுகிறார்கள். எலெக்ட்ரானுக்கு ஏங்கும் அந்த வெடிமருந்து அமினோவோடு கைகோத்துத் தகட்டில் தங்கிவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் இந்தத் தூண்டிலுக்கும் அவ்வளவாக மசிவதில்லை. வெள்ளி, தங்கத்தைவிடப் பிரகாசமாகக் காட்டும். ஆனால் காற்று பட்டால் கறுத்துவிடும். போதாததற்குக் கையில் இருக்கும் வியர்வை, எண்ணெய், சோப்பு எல்லாம் அதே இடுக்குகளில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி, ஒரு தகடு போல இன்னொரு தகடு அமையாதது. இடுக்கு ஒரு நானோமீட்டர் அகன்றால் போதும், ஒளி பல மடங்கு சரிந்துவிடும். ஒரே தகட்டில் இந்த மூலை பளிச்சிடும், அந்த மூலை ஊமையாக இருக்கும். ரோமானியர்களுக்கும் இதே பாடுதான் போலும். லைகர்கஸ் கிண்ணத்தைப் போல இரு நிறம் காட்டும் ரோமானியக் கண்ணாடியில் முழுசாகக் கிடைத்தது அது ஒன்றுதான். அந்த ஒன்றிலும் மார்புக்கு ஒரு நிறம், மற்ற இடத்துக்கு ஒரு நிறம். இதைச் சரிக்கட்டவும் சவுத்தாம்ப்டனிலேயே முயற்சி நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த மீசோஃபோட்டானிக்ஸ் என்ற நிறுவனம், சிலிக்கானில் தலைகீழ்ப் பிரமிடு வடிவக் குழிகளை ஒழுங்காக வரிசை வரிசையாக அரித்து, மேலே தங்கம் பூசி, கிளாரைட் என்ற பெயரில் விற்றது. தற்செயலான சொரசொரப்பின் உச்சப் பெருக்கம் அதில் கிடைக்காது. ஆனால் எந்தக் குழியில் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே பதில். வெடிமருந்து ஆய்வாளர்கள் பலர் அதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஊருக்குத் திரும்ப ஹீத்ரோ வந்தபோது சோதனை வரிசையில் என் பையைத் தனியே தள்ளிவைத்தார்கள். அதிகாரி ஒரு கோலின் நுனியில் வெள்ளைத் துணித்துண்டைச் செருகி, பையின் கைப்பிடி, ஜிப்பின் ஓரம், மடிக்கணினியின் விளிம்பு என்று வரிசையாகத் தேய்த்தார். பிறகு என் உள்ளங்கைகள். துணியை ஓர் இயந்திரத்தின் வாயில் கொடுத்தார். சில நொடிகளில் திரையில் பச்சை. இயந்திரம் அந்தத் துணியைச் சூடாக்கி, கிளம்பும் ஆவிக்கு மின்னேற்றம் தந்து, ஒரு குழாய்க்குள் ஓடவிடுகிறது. எந்த அயனி எவ்வளவு நேரத்தில் மறுமுனையைத் தொடுகிறது என்று பார்த்துப் பெயர் சொல்கிறது. நானோகிராம் அளவுக்கும் அது போதும். உரம் தொட்ட விவசாயியின் கையும், நைட்ரோகிளிசரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளியின் பையும் சில சமயம் அதைக் குழப்பிவிடும். ஓட்டநேரம் ஒரே ஓர் எண்தான். ராமன் வரிசை அப்படியில்லை. பத்திருபது கோடுகள் சேர்ந்து சாட்சி சொல்லும்.

ராமன் விளைவு இந்த விமான நிலையத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. 2006 ஆகஸ்டில் குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தைக் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் அம்பலமானது. அதிலிருந்துதான் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்தில் பாவெல் மட்டூசெக் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: லேசர் படும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வரும் ஒளியைச் சேகரித்தால், பாட்டிலைத் திறக்காமலே உள்ளே இருப்பதன் ராமன் வரிசை தெரியும். அதை வைத்துக் கோபால்ட் லைட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் செய்த பாட்டில் சோதனைக் கருவி ஐரோப்பிய விமான நிலையங்களுக்குப் போனது. 2014இல் பிரிட்டனின் பொறியியல் விருதான மக்ராபர்ட் விருதையும் வாங்கியது. குழந்தையின் பால், சர்க்கரை நோயாளியின் மருந்து போன்றவற்றை அனுமதிக்க அது உதவுகிறது.

பாட்டிலுக்குத் தங்கத் துகள் வேண்டாம். அங்கே மூலக்கூறுகளுக்குப் பஞ்சமில்லை, கோடியில் ஒன்றே தாராளம். துணியில் ஒட்டிய சுவட்டுக்குத்தான் தங்கம் வேண்டும். அந்த வாசலில் இன்னும் அயனிக் குழாய்தான் உட்கார்ந்திருக்கிறது. போதுமான கூர்மை செர்ஸுக்கு வராததால் இல்லை. கூர்மையில் அதை மிஞ்ச ஆளில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருகிற காவலர், வியர்வையும் தூசியும் உதட்டுச் சாயமும் படிந்த துணியைக் கொடுத்தாலும், தகடு ஆயிரமாவது பைக்கும் முதல் பைக்குச் சொன்ன அதே நியாயத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தகடு தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அல்லது தூக்கி எறிந்தால் கை கடிக்காத விலையில் கிடைக்க வேண்டும். தடய அறிவியல் கூடத்துக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. குண்டு வெடித்த இடத்தில் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள் முழுக்க உட்காரலாம். அந்த வேலையில் செர்ஸ் முதலில் காலூன்றும் என்று நினைக்கிறேன்.

ஒற்றை மூலக்கூறைக் கண்டுபிடித்தோம் என்ற செய்தி வருஷத்துக்கு ஒன்றாவது நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வருகிறது. இனிமேல் அதைப் படிக்கும்போது எவ்வளவு சிறியதைக் கண்டார்கள் என்பதோடு நிறுத்தப் போவதில்லை. நூறு தகடுகளில் எத்தனை ஒரே பதிலைச் சொன்னன, சோதித்த மருந்து சுத்தமான கரைசலில் இருந்ததா அழுக்குத் துணியில் இருந்ததா என்று தேடிப் பார்ப்பேன். அந்த வரிகள் கட்டுரையில் இருந்தால், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.